ஐந்து வரிக்கு எத்தனை புள்ளி?

இவ்வருட ஆரம்பத்தில் கல்விச் சீர்திருத்தம் பற்றி நாடே பேசியது. தரம் 6 ஆங்கிலப் பாடத்தொகுதியில் இடம்பெற்றிருந்த ஓர் இணையத்தள முகவரி பெரும் சர்ச்சையாகி, ஈற்றில் தரம் 6க்கான சீர்திருத்தமே 2027 வரை பிற்போடப்பட்டது. தரம் 1க்கு மட்டும் இவ்வருடம் புதிய பாடத்திட்டம் வந்திருக்கின்றது. பாராளுமன்றத்திலும் தொலைக்காட்சியிலும் எமது ஊர்த் தேநீர்க் கடைகளிலும் பாடத்தொகுதி பற்றியும் பாட நேரம் பற்றியும் சூடான விவாதங்கள் நடந்தன. அவை வேண்டிய விவாதங்கள்தான். ஆனால் அவற்றில் எங்குமே நான் கேட்காத ஒரு விடயம் இருக்கின்றது. ஒன்பது வயதுப் பிள்ளை தன் கையால் எழுதும் ஐந்தாறு வரிகளை நாம் எப்படி வாசிக்கின்றோம், அதற்கு எதைப் பார்த்துப் புள்ளி போடுகின்றோம் என்பதே அது.

நான் கிழக்கின் கரையோரப் பாடசாலைகளில் ஆசிரியராகவும், பின்னர் ஆரம்பக் கல்விக்கான ஆசிரிய ஆலோசகராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். கடந்த தவணையில் என்னிடம் முன்னர் படித்து இப்போது தரம் 4 வகுப்பாசிரியையாக இருக்கும் ஒருவர் இரண்டு அப்பியாசக் கொப்பிகளுடன் வீட்டுக்கு வந்தார். ‘மழை நாள்’ என்ற தலைப்பில் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். முதலாவது கொப்பியில் இருந்தது இது:

“மழை இயற்கை எமக்கு அளித்த அருங்கொடையாகும். மழை பெய்வதால் பயிர்கள் செழித்து வளர்கின்றன. மழை இல்லாவிட்டால் உயிர்கள் வாழ முடியாது. மரங்களை நட்டால் மழை பெய்யும். ஆகவே நாம் மரங்களை நடுவோம்.”

இரண்டாவது கொப்பியில் இருந்ததை அந்தப் பிள்ளை எழுதிய மாதிரியே தருகின்றேன்:

“மளை பேஞ்சா வாப்பா கடலுக்கு போகமாட்டாங்க அண்டைக்கு ஊட்டயே இரிப்பாங்க எனக்கு சந்தோசம் உம்மாக்கு சந்தோசம் இல்ல கடையில கொப்பியில எழுதித்தான் அறிசி வாங்குற மளை விட்டா வாப்பா போயிடுவாங்க”

முதலாவதற்கு டீச்சர் பத்துக்கு ஒன்பது போட்டிருந்தார். இரண்டாவதற்கு நான்கு. “சேர், நாலப் போட்டுட்டன். போட்டதில இருந்து மனசு சரியில்ல. ஆனா இதுக்கு எப்பிடி சேர் ஒம்பது போடுற?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இரண்டாவது கொப்பியில் முற்றுப்புள்ளி ஒன்றுகூட இல்லை. ‘மழை’ இரண்டு இடத்தில் ‘மளை’ ஆகியிருக்கின்றது. ‘அரிசி’ ‘அறிசி’ ஆகியிருக்கின்றது. முழுதும் பேச்சுமொழி. சிவப்புப் பேனாவுக்கு நல்ல வேலை. முதலாவது கொப்பியில் பிழையென்று சுட்ட எதுவுமில்லை. ஆனால் நான் ஒன்றைக் கேட்டேன்: வகுப்பில் வேறு எத்தனை பேர் ‘அருங்கொடை’ என்று எழுதியிருக்கின்றார்கள்? டீச்சர் யோசித்துவிட்டு, இன்னும் மூன்று பேர் என்றார். நான்கு பிள்ளைகளும் ஒரே மேலதிக வகுப்புக்குப் போகின்றவர்கள். அங்கு அச்சடித்துக் கொடுத்த தாளில் அந்த ஐந்து வாக்கியங்களும் அதே ஒழுங்கில் இருக்கின்றன.

ஆக, நாம் ஒன்பது புள்ளி போட்டது யாருக்கு? அந்தத் தாளை எழுதிய மேலதிக வகுப்பு ஆசிரியருக்கு. பிள்ளையைக் குறை சொல்லவில்லை. ஐந்து வாக்கியங்களைப் பிழையின்றி ஞாபகத்தில் வைத்து எழுதுவதும் ஒரு திறமைதான். ஆனால் அது எழுதும் திறமையல்ல, மனனம் செய்யும் திறமை.

இரண்டாவது பிள்ளை என்ன செய்திருக்கின்றாள் என்று பாருங்கள். ஒரே மழை தனக்குச் சந்தோசத்தையும் உம்மாவுக்குக் கவலையையும் தருகின்றது என்று கண்டிருக்கின்றாள். அதற்குக் காரணத்தையும் சொல்லியிருக்கின்றாள்: வாப்பா தொழிலுக்குப் போகாத நாளில் அரிசி கடனுக்குத்தான் வரும். கடைசி வரியில் மழை விட்டதும் வாப்பாவையும் அனுப்பிவைக்கின்றாள். ஒன்பது வயதில் இப்படி ஒரு விடயத்தைக் கண்டு, ஒழுங்காக அடுக்கிச் சொல்லும் பிள்ளைகள் அதிகம் பேர் இல்லை.

இந்தக் குழப்பம் அந்த டீச்சருக்கு மட்டும் உரியதல்ல. 1961ஆம் ஆண்டு அமெரிக்காவில் போல் டீடெரிக் என்பவரும் அவருடைய இரண்டு சகாக்களும் ஒரு பரிசோதனை செய்தார்கள். பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த மாணவர்களின் 300 கட்டுரைகளை, வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த 53 பேரிடம் கொடுத்து ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று எந்த அறிவுறுத்தலும் கொடுக்கவில்லை. ஒரு கட்டுரையாவது ஐந்துக்குக் குறைந்த வேறுபட்ட தரங்களைப் பெறவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் ஒன்று முதல் ஒன்பது வரையான எல்லாத் தரங்களையும் பெற்றன. காரணத்தை ஆராய்ந்தபோது, திருத்தியவர்கள் மனதுக்குள் வெவ்வேறு கட்சிகளாகப் பிரிந்திருந்தது தெரியவந்தது. மிகப் பெரிய கட்சி கருத்தைப் பார்த்தது. அடுத்த பெரிய கட்சி எழுத்துப்பிழை, இலக்கணம், நிறுத்தற்குறி ஆகியவற்றைப் பார்த்தது. ஏனையோர் கட்டமைப்பையும் சொல்லாட்சியையும் எழுதியவரின் தனித்துவத்தையும் பார்த்தார்கள். எல்லோருமே தாங்கள் ‘கட்டுரைக்கு’ப் புள்ளி போடுவதாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஆசிரியர் அறைகளிலும் இதே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. நான் ஆலோசகராக இருந்த காலத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் ஒரே தாளின் பிரதியை எல்லோருக்கும் கொடுத்துப் புள்ளி போடச் சொன்னேன். மூன்றிலிருந்து எட்டு வரை வந்தது. மூன்று போட்டவர் அசட்டையானவர் அல்ல, வலயத்திலேயே கடுமையாக உழைத்த ஆசிரியர்களில் ஒருவர். எட்டுப் போட்டவர் இரக்கத்தால் போட்டவருமல்ல. ஒருவர் பிழைகளை எண்ணினார், மற்றவர் சொல்லப்பட்டதைக் கேட்டார். அவ்வளவுதான்.

ஆகவே கருத்துக்கு ஒரு புள்ளி, மொழிமரபுக்கு இன்னொரு புள்ளி என்று இரண்டையும் பிரித்து எழுத வேண்டும் என்பதே என் வாதம். மொழிமரபு என்று நான் சொல்வது எழுத்துக்கூட்டல், நிறுத்தற்குறி, வாக்கிய அமைப்பு, எழுத்துவழக்கு ஆகியவற்றை. இது புதுமையான யோசனையல்ல. அவுஸ்திரேலியாவில் தரம் 3, 5, 7, 9 மாணவர்களுக்கு நடக்கும் தேசியப் பரீட்சையில் எழுத்தாக்கம் பத்து அளவுகோல்களால் தனித்தனியே மதிப்பிடப்படுகின்றது. கருத்துகளுக்கு ஒரு வரிசை, எழுத்துக்கூட்டலுக்கு ஒரு வரிசை, நிறுத்தற்குறிக்கு இன்னொன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தரம் 3 தொடக்கம் 8 வரையான பிள்ளைகளின் கட்டுரைக்கு கருத்து வளர்ச்சிக்கு 3, மொழிமரபுக்கு 2 என்று வழங்குகின்றார்கள். அங்கு ஒரு விதி எனக்குப் பிடித்திருக்கின்றது: கருத்துக்குப் பூச்சியம் வாங்கினால் மொழிமரபுக்கும் பூச்சியம்தான். சொல்ல எதுவுமில்லாத இடத்தில் அழகாக எழுதியதற்குப் புள்ளி இல்லை. (அதே டெக்சாஸில் இப்போது பெரும்பகுதித் தாள்களைக் கணினிதான் திருத்துகின்றது. அதையும் சேர்த்துப் பின்பற்றும்படி நான் சொல்லவில்லை.)

எங்களிடம் இது தலைகீழாக நடக்கின்றது. பிழை இல்லாவிட்டால் கருத்தைத் தேடுவதில்லை. பிழை இருந்தால் கருத்தைக் காண்பதுமில்லை.

இந்த இடத்தில் எமது சமூகத்துக்கு மட்டுமே உரிய ஒரு சங்கடமும் இருக்கின்றது. எமது பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழ். ஆனால் பாடப்புத்தகத் தமிழிலிருந்து அது பல இடங்களில் விலகி நிற்கின்றது. உம்மா, வாப்பா, ராத்தா, நானா, காக்கா, மூத்தம்மா என்ற சொற்களோடு பிள்ளை பாடசாலைக்கு வருகின்றது. நான் புதிதாக நியமனம் பெற்ற காலத்தில், ‘உம்மா’ என்று எழுதியிருந்த இடத்தில் வெட்டி ‘அம்மா’ என்று திருத்தியிருக்கின்றேன். ஒரு பிள்ளை வந்து, “சேர், அம்மா எண்டா யாரு? நான் எங்கட உம்மாவத்தான் எழுதின” என்று கேட்டது. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று அந்தப் பிள்ளைக்கு நான் பதில் சொல்லவில்லை. ‘உம்மா’ பிழையல்ல, அது அந்த வீட்டின் சொல். ‘ஊட்ட’ என்பதை ‘வீட்டில்’ என்று எழுதக் கற்றுக்கொடுப்பது எழுத்துவழக்கைக் கற்பிப்பது. ‘உம்மா’வை ‘அம்மா’ ஆக்குவது பிள்ளையின் தாயை மாற்றுவது. இரண்டையும் ஒரே சிவப்பு மையால் செய்துவிட்டோம்.

பெயர்களின் கதை இன்னும் வேடிக்கையானது. ஒரே வகுப்பில் பாத்திமா, பாதிமா, ஃபாத்திமா என்று மூன்று விதமாக எழுதும் பிள்ளைகள் இருப்பார்கள். மூன்றும் பிறப்புச் சான்றிதழில் அப்படியே இருக்கும். தன் சொந்தப் பெயரையே பெரியவர்கள் மூன்று விதமாக எழுதும் உலகில், ‘ல’ எது, ‘ள’ எது என்று தடுமாறும் பிள்ளையிடம் நாம் கொஞ்சம் பொறுமை காட்டலாம்.

ஆனால் பொறுமை வேறு, கண்டும் காணாமல் விடுவது வேறு. கருத்துதான் முக்கியம், எழுத்துப்பிழையைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு போக்கும் சில பயிற்சிப் பட்டறைகளில் பரவியிருக்கின்றது. அதை நான் ஏற்கவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளையின் எழுத்துப்பிழையைப் பாடசாலை திருத்தாவிட்டால் வீட்டில் யாராவது திருத்துவார்கள். கடற்றொழிலாளியின் மகளுக்கு அந்த டீச்சரை விட்டால் வேறு ஆளில்லை. ‘மளை’ என்றே எழுதிக்கொண்டு அவள் தரம் 6க்குப் போனால், அங்குள்ள தமிழ் ஆசிரியர் முதல் வரியிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். சாதாரண தரப் பரீட்சையில் விடைத்தாளைத் திருத்துபவருக்கு அவள் யார் என்று தெரியாது. வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதும் அதே கதைதான். மரபுகளை அவளுக்குக் கற்றுக்கொடுக்காமல் விடுவது, இரக்கம் என்ற பெயரில் செய்யும் அநியாயம்.

எனவே பிழைகளையும் வகை பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கின்றது. ‘மளை’, ‘அறிசி’ காதால் எழுதியவை. எமது பேச்சில் ‘ழ’வும் ‘ள’வும் ஒன்றாகிவிட்டன, ‘ர’வும் ‘ற’வும் பெரும்பாலும் அப்படித்தான். பிள்ளை கேட்டபடி எழுதியிருக்கின்றது. இந்தச் சொற்களைக் கண்ணால் பார்த்துப் பழக்க வேண்டும். அதற்கு வாசிப்புத்தான் மருந்து, பத்துத் தரம் எழுதச் சொல்வது அரை மருந்து. ‘பேஞ்சா’, ‘இரிப்பாங்க’ பிழையே அல்ல, பேச்சிலிருந்து எழுத்துக்கு இன்னும் வந்து சேராதவை. ‘பெய்தால்’, ‘இருப்பார்’ என்று மாற்றுவதை ஒரு விளையாட்டாகவே வகுப்பில் செய்யலாம். முற்றுப்புள்ளி இல்லாமை மூன்றாவது வகை. பிள்ளையிடம் தான் எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மூச்சு நிற்கும் இடத்தில் தானே புள்ளி வைக்கும். இந்த மூன்றையும் ஒரே தொகையாகக் கூட்டி ‘ஏழு பிழை’ என்று எழுதுவதால் பிள்ளைக்கு எதுவும் தெரியவராது.

எமது குர்ஆன் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கும் முறையை நினைத்துப் பாருங்கள். பிள்ளை ஓர் எழுத்தைப் பிழையாக உச்சரித்தால் ஹஸரத் முழுப் பக்கத்தையும் வெட்டுவதில்லை. அந்த இடத்தில் நிறுத்துகின்றார். பிள்ளை திரும்ப ஓதுகின்றது. சரிவந்தால் மேலே போகின்றது. அன்றைக்கு ‘ஹா’ என்றால் ‘ஹா’தான், எல்லாப் பிழையும் ஒரே நாளில் இல்லை. திருத்துவதைப் பிள்ளையே செய்கின்றது. எழுத்தில் மட்டும் நாம் இதற்கு எதிராக நடக்கின்றோம். முப்பத்தைந்து கொப்பிகளை வீட்டுக்குக் கொண்டுபோய், எல்லாப் பிழைகளையும் நாமே திருத்தி, மூன்று நாள் கழித்துத் திருப்பிக் கொடுக்கின்றோம். பிள்ளை புள்ளியை மட்டும் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடுகின்றது.

இதையெல்லாம் செய்ய நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். உண்மைதான். 1998இல் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் ‘அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சி’ என்ற நல்ல சொல்லைத் தந்தது. அதோடு நிரப்ப வேண்டிய அட்டவணைகளையும் தந்தது. மேற்பார்வைக்கு வரும் நாளுக்கு முந்திய இரவு, ஒரு வகுப்பு முழுவதற்கும் ஒரே மூச்சில் சரி அடையாளம் போட்ட ஆசிரியர்களில் நானும் ஒருவன். பின்னாளில் மேற்பார்வைக்குப் போனவனும் நானே. ஆகவே புதிய படிவம் ஒன்றை நான் கேட்கவில்லை. நான் கேட்பது சிறியது. கொப்பியின் கீழே ஓர் எண்ணுக்குப் பதிலாக இரண்டு எண். கருத்துக்கான எண்ணுக்குப் பக்கத்தில் பிள்ளை சொன்ன விடயத்தைப் பற்றி ஒரு வரி. மொழிமரபுக்கான எண்ணுக்குப் பக்கத்தில் இந்தக் கிழமை திருத்த வேண்டிய ஒரேயொரு வகைப் பிழை. மீதிப் பிழைகள் அடுத்த கிழமைக்கு. இதற்கு நேரம் கூடாது, குறையும்.

பெரிய தடை நேரம் அல்ல, புலமைப்பரிசில். 2025 ஓகஸ்டில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் அந்தப் பரீட்சைக்குத் தோற்றினார்கள். வறிய பிள்ளைக்கு உதவுவதும் திறமையான பிள்ளைக்கு நல்ல பாடசாலையைக் கொடுப்பதுமே அதன் நோக்கம். இன்று அது தரம் 3 தொடக்கமே வகுப்பறையை ஆட்டுகின்றது. வெட்டுப்புள்ளிக்கு மேலே போன பிள்ளைகளின் படங்களைச் சந்திக்குச் சந்தி பதாகையாகக் கட்டுகின்றோம். முகநூலில் வாழ்த்துகின்றோம். ஒரு புள்ளிக்காகப் பெற்றோர் தவிக்கும் இடத்தில், ஆபத்தில்லாத ஐந்து வாக்கியங்களைப் பாடமாக்கிக் கொடுப்பதுதான் மேலதிக வகுப்புக்கு இலாபம். வாப்பா கடலுக்குப் போகாத கதையை எழுதும் பிள்ளைக்கு என்ன புள்ளி கிடைக்கும் என்று யாருக்கும் உறுதியில்லை. ‘அருங்கொடை’க்குக் கிடைக்கும் என்பது உறுதி. எந்தத் தாயும் உறுதியானதைத்தான் தேர்ந்தெடுப்பாள். அவளைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை.

இதன் விலை பின்னர் தெரியும். தரம் 10, 11இல் ஒரு படத்தைக் காட்டி, இதைப் பற்றி நீயாக எழுது என்றால் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நான் வகுப்பு வகுப்பாகக் கண்டிருக்கின்றேன். அவர்களில் புலமைப்பரிசில் சித்தியடைந்தவர்களும் இருந்தார்கள். அவர்களிடம் சொல்ல எதுவும் இல்லை என்பதல்ல. சொல்லலாம் என்று எட்டு வயதுக்குப் பின் யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

சீர்திருத்தத்துக்குப் பொறுப்பானவர்களிடம் ஒரு வேண்டுகோள். தரம் 1க்கு இவ்வருடம் வந்த பிள்ளைகள் இன்னும் மூன்று வருடங்களில் தரம் 4க்கு வருவார்கள். அதற்கான ஆசிரியர் வழிகாட்டியை எழுதும்போது, எழுத்தாக்கத்துக்கு இரண்டு புள்ளி முறையையும், பிள்ளைகளே எழுதிய பத்து மாதிரித் தாள்களையும் சேர்த்துக் கொடுங்கள். அந்த மாதிரிகளில் கொழும்புத் தமிழும் மலையகத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் எங்கள் கரையோரத்துத் தமிழும் இருக்கட்டும். எதைப் பிழையென்று வெட்டக்கூடாது என்றும் அதில் எழுதியிருக்கட்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் பதாகைக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, பிள்ளைகள் சொந்தமாக எழுதியவற்றை வருடத்துக்கு ஒரு தரம் சிறு மலராக அச்சிடலாம்.

டீச்சருக்கு அன்றைக்கு நான் சொன்னது இவ்வளவும் அல்ல. இரண்டாவது கொப்பியில் நாலை வெட்டிவிட்டு, கருத்துக்கு ஐந்துக்கு ஐந்தும் மொழிமரபுக்கு ஐந்துக்கு ஒன்றும் போடச் சொன்னேன். முதலாவதற்கு மொழிமரபுக்கு ஐந்தும் கருத்துக்கு ஒன்றும் போட்டு, ‘உங்கட ஊட்டுல மழ பேஞ்சா என்ன நடக்கும்?’ என்று அந்தப் பிள்ளையிடம் கேட்கச் சொன்னேன். இரண்டு பேருக்கும் மொத்தம் ஆறு.

இரண்டு கிழமை கழித்து டீச்சர் தொலைபேசியில் பேசினார். கடற்றொழிலாளியின் மகள் திரும்ப எழுதியிருக்கின்றாள். மழை எல்லா இடத்திலும் மழையாகிவிட்டது. முற்றுப்புள்ளிகள் வந்துவிட்டன, ஒன்றிரண்டு தேவையில்லாத இடத்திலும். அரிசி இன்னும் ‘அறிசி’தான். புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கின்றாள்: கடைக்கார மாமா கொப்பியில் எழுதும்போது உம்மா வெளியே பார்த்துக்கொண்டு நிற்பாராம். ‘அருங்கொடை’ எழுதிய பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். “அவ இன்னும் எழுதல்ல சேர். கொப்பியத் தொறந்து வெச்சிட்டு, என்ன எழுதுற எண்டு கேக்கா” என்றார் டீச்சர்.